நோயாளியின் ஏடும் அதன் காவலும்

உடம்புக்கு ஒரு துன்பம் வந்தால் மருத்துவரிடம் போகிறோம். பெற்ற தாயிடமும் உடன்பிறந்தாரிடமும் சொல்லத் தயங்குவதை அவரிடம் தயங்காமல் சொல்லுகிறோம். அவர் கேட்டதைக் குறித்துக்கொள்கிறார். அல்லது பக்கத்தில் இருக்கும் செவிலியர் கணினியில் பதிந்துகொள்கிறார். மருந்தை வாங்கிக்கொண்டு நாம் வீடு திரும்பிவிடுகிறோம். நாம் சொன்ன சொல் மட்டும் நம்மோடு திரும்பி வருவதில்லை. அது அங்கேயே தங்கிவிடுகிறது. எங்கே தங்குகிறது? யார் கையில் இருக்கிறது? யார் யார் அதைப் புரட்டிப் பார்க்கலாம்? எத்தனை ஆண்டுகள் அது அங்கே இருக்கும்? இந்தக் கேள்விகளுக்கு ஒரு மருத்துவ நிலையம் எவ்வளவு செம்மையாக விடை சொல்லுகிறது என்பதை அளந்தறியும் வழி யாது? இதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுபவன் என்பன அந்த நான்கு. அவை இன்றும் உண்டு. நம் காலத்தில் அவற்றோடு ஐந்தாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அதுதான் ஏடு. ஏடு என்று நான் சொல்லும்போது காகிதப் பதிவேடு, கணினிப் பதிவு, கைப்பேசியில் எடுத்த படம், அட்டையில் அச்சிட்ட எண் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே சொல்லுகிறேன். நோயாளி போன மாதம் எந்த மருந்தை உண்டான், எந்த மருந்து அவனுக்கு ஒவ்வாது என்பதை இன்று புதிதாக வந்த மருத்துவருக்கு ஏடுதான் எடுத்துரைக்கிறது.

நான் மருத்துவனும் அல்லன், கணினி வல்லுநனும் அல்லன். ஜவ்வாது மலைப் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்ற தலைமையாசிரியன். ஆயினும் மதிப்பிடுதல் என்பது ஆசிரியனுடைய தொழில் அன்றோ? எதை அளக்க எண்ணுகிறோமோ அதையே நம் வினா அளக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த பாடம். மேலும், பிறருடைய விவரங்களைக் காக்கும் பொறுப்பும் தலைமையாசிரியனுக்கு உண்டு. சேர்க்கைப் பதிவேட்டில் பிள்ளையின் பிறந்த நாள், சாதி, தந்தையின் பெயர், அங்க அடையாளம் எல்லாம் இருக்கும். அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்திருப்பது தலைமையாசிரியன் கடமை. அந்தப் பழக்கத்தைக் கொண்டே மருத்துவ நிலையத்தையும் பார்க்க முயலுகிறேன்.

எங்கள் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது ஜவ்வாது மலை. மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை விதைத்தும், தேனும் புளியும் சேர்த்தும் வாழும் சிற்றூர்கள் இதில் பல. இங்கே வாழும் ஒரு குடும்பத்தைக் குறித்து எத்தனை மருத்துவ ஏடுகள் உள்ளன என்று எண்ணிப் பார்த்தேன். எனக்கே வியப்பாக இருந்தது. பெண் கருவுற்றதும் கிராம சுகாதாரச் செவிலியர் ‘பிக்மி’ என்று சுருக்கமாக வழங்கும் கருவுற்றோர் பதிவில் அவள் பெயரைச் சேர்க்கிறார். 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்படி வீட்டுக்கு வரும் பணியாளர், முதியவரின் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் குறித்துக்கொள்கிறார். ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்தால் ‘நிக்‌ஷய்’ என்னும் தேசியப் பதிவில் பெயர் ஏறுகிறது. சத்துணவுக்கான உதவித்தொகை வரவேண்டி வங்கிக் கணக்கு எண்ணும் அதனோடு சேருகிறது. காப்பீட்டுத் திட்டத்துக்கு ஓர் அட்டை உண்டு. ‘ஆயுஷ்மான் பாரத்’ என்னும் பெயரால் 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் தொடங்கப்பெற்ற கணினிவழி இயக்கத்தில் 14 இலக்க எண் ஒன்று உண்டு.

இவற்றோடு அண்மையில் இன்னொன்றும் வந்தது. இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. அதனை அரிவாளணுச் சோகை என்பர். 2023 ஜூலை முதல் நாள் அதனை ஒழிப்பதற்கென்று ஒரு தேசிய இயக்கம் தொடங்கியது. தமிழ்நாடு உள்ளிட்ட 17 மாநிலங்களில், குறிப்பாகப் பழங்குடி வட்டாரங்களில், 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிப்பது அதன் குறிக்கோள். சோதித்துக்கொண்டவருக்கு அவருடைய நிலையைக் காட்டும் அட்டை தரப்படுகிறது. இவை யாவும் நன்மை கருதி எழுதப்படும் ஏடுகளே. கருவுற்ற பெண்ணின் பெயர் ஏட்டில் இருப்பதால்தான் பேறுகாலம் நெருங்கும்போது அவளைத் தேடி ஆள் வருகிறது. ஆகவே ஏடு வேண்டா என்று சொல்ல நான் வரவில்லை. ஏடு பெருகப் பெருக அதன் காவலும் பெருக வேண்டும் என்பதே என் கருத்து.

இந்த ஏடுகளைக் குறித்து ஒரு நிலையத்துக்கு இரண்டு கடமைகள் உண்டு. ஒன்று காவல், மற்றொன்று ஆளுகை. பூட்டுப் போடுவது காவல். சாவி யாரிடம் இருக்கவேண்டும், எக்காரணத்துக்காகத் திறக்கலாம், திறந்தவர் யாருக்குக் கணக்குச் சொல்லவேண்டும் என்று முன்கூட்டியே வகுத்து வைப்பது ஆளுகை. ஆளுகை இல்லாத இடத்தில் பூட்டுக் கதவில் தொங்கும். சாவியும் பக்கத்து ஆணியிலேயே தொங்கும். கணினியில் இதையே வேறு வடிவில் காணலாம். கடவுச்சொல் உண்டு, ஆனால் அதைச் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருப்பார்கள்.

காக்கவேண்டிய பண்புகளோ மூன்று. ஏட்டில் உள்ளது வேண்டாதவருக்குத் தெரியலாகாது, இது மறைவு. ஏட்டில் உள்ளது சரியாக இருக்கவேண்டும், இது செம்மை. வேண்டியபோது ஏடு கைக்குக் கிட்டவேண்டும், இது மூன்றாவது. பலரும் முதலாவதை மட்டுமே நினைக்கிறார்கள். ஒரே ஊரில் ஒரே பெயருடையார் நால்வர் இருக்கும் எங்கள் மலையில், ஒருவருடைய இரத்த வகை மற்றவர் ஏட்டில் ஏறிவிட்டால், எவ்வளவு பெரிய பூட்டுப் போட்டு என்ன பயன்? மூன்றாவது பண்பின் அருமையை டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் அனுபவம் உணர்த்தியது. 2022 நவம்பர் 23ஆம் நாள் அங்குள்ள கணினிகளைத் தீயோர் ஊடுருவி, பதிவுகளைப் படிக்க இயலாத புதிர் எழுத்தாக மாற்றிப் பூட்டிவிட்டனர். நாட்டின் தலைசிறந்த மருத்துவமனை, நோயாளிகளின் பெயரைக் கையால் எழுதிச் சேர்க்க வேண்டியதாயிற்று. பெரும்பாலான பணிகள் சீர்ப்பட ஏறத்தாழ இரண்டு வாரம் ஆயின. தாக்குதலுக்கு உட்படாத ஒரு கணினியில் நகல் இருந்ததனால்தான் நோயாளிகளின் பதிவுகளை மீட்க முடிந்தது என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நகல் எடுத்து வேறிடத்தில் வைப்பது எவ்வளவு சாதாரணமான வேலை! அந்தச் சாதாரணமான வேலையே அன்று மானத்தைக் காத்தது.

இனி மறைவு என்னும் முதற்பண்புக்கு வருவோம். சென்னை போன்ற பெருநகரில் ஒருவருடைய நோய் பக்கத்துத் தெருவுக்குத் தெரிந்தாலும், அடுத்த பேட்டையில் அவர் முகம் அறியாத மனிதராகிவிடலாம். 40 வீடுகள் உள்ள மலையூரில் அது நடவாது. அங்கே வெளிப்பட்ட இரகசியத்துக்கு ஒளிய இடம் இல்லை. என் பழைய மாணவி ஒருத்தி காசநோய் மருந்து வாங்க ஒரு சுகாதார நிலையத்துக்குப் போனாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்கும்படி அவள் பெயரையும் ஊரையும் நோயையும் சேர்த்து உரக்கக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர் தீய எண்ணத்தோடு செய்யவில்லை. கூட்டம் அதிகம், வேலை விரைவாக முடியவேண்டும் என்பதே அவர் எண்ணம். மறுமாதம் அவள் அங்கே போகவில்லை. மலையிறங்கி, ஒரு நாள் கூலியை இழந்து, வேறிடத்தில் மருந்து வாங்கினாள். பேருந்துக்குக் காசு இல்லாத மாதத்தில் மருந்தே உண்ணவில்லை. காசநோய் மருந்தை இடையில் நிறுத்தினால் நோய் முற்றும் என்பதும், அந்த மருந்துக்கே கட்டுப்படாத வகையாக மாறக்கூடும் என்பதும் மருத்துவர்கள் எச்சரிக்கும் உண்மை. ஒரு சொல் உரக்கச் சொல்லப்பட்டதன் விளைவு அவள் நுரையீரலில் போய் முடிந்தது. ஆகவே நோயாளியின் விவரத்தைக் காப்பது மரியாதைக்காக மட்டும் செய்யும் வேலை என்று எண்ணலாகாது. அது சிகிச்சையின் ஒரு பகுதி.

அரிவாளணுச் சோகையிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. அந்தக் கூற்றை ஒரு பக்கத்தில் மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். அத்தகைய இருவர் மணந்துகொண்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே மணமக்கள் தம் நிலையை அறிந்திருப்பது நல்லது. ஆனால் அதை அவர்கள் தாமே அறிந்து தாமே பேசி முடிவு செய்யவேண்டும். அட்டை ஊர்ப்பேச்சாகிவிட்டால், நோயே இல்லாத ஒரு பெண்ணை ‘நோய்க்காரி’ என்று ஊர் ஒதுக்கிவிடும். பிறகு மற்றப் பெண்கள் சோதனைக்கே வரமாட்டார்கள். நல்ல நோக்கத்தோடு வந்த இயக்கமும் பயனற்றுப் போகும்.

மறைவுக்கு எல்லையே இல்லையா என்று சிலர் கேட்கலாம். உண்டு. நாகாலாந்தைச் சேர்ந்த ஓர் அரசு மருத்துவர், சென்னையில் ஒரு மருத்துவமனைக்கு வந்து நோயாளி ஒருவருக்காக இரத்தம் தந்தார். அந்த இரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. செய்தி வெளியே பரவி, 1995இல் அவருக்கு நிச்சயமாகியிருந்த திருமணம் நின்றது. அவர் வழக்குத் தொடுத்தார். 1998இல் உச்ச நீதிமன்றம், நோயாளியின் இரகசியத்தைக் காக்கும் கடமை மருத்துவருக்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்டது. எனினும் மற்றோர் உயிருக்கு ஆபத்து நேரும்போது அந்தக் கடமைக்கு விலக்கு உண்டு என்று கூறி, அவருடைய கோரிக்கையைத் தள்ளியது. நான் இதிலிருந்து கற்றுக்கொள்வது ஒன்று. யாருக்கு, எந்த வழியில், எவ்வளவு சொல்லவேண்டும் என்ற ஒழுங்கு, சொல்லவேண்டிய இடத்திலும் வேண்டும். ஆபத்தில் இருப்பவருக்கு மட்டும் தனியே அறிவிப்பது ஒன்று; ஊரெல்லாம் அறியவிடுவது வேறொன்று.

சட்டம் இதில் சும்மா இருக்கவில்லை. 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள், நோயாளி சொன்னதை வெளியிடலாகாது என்று மருத்துவரைக் கட்டுப்படுத்துகின்றன. உள்நோயாளியின் பதிவை மூன்று ஆண்டு வைத்திருக்கவேண்டும் என்றும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்றும் கூறுகின்றன. 2017இல் வந்த மனநலச் சட்டமும் எச்.ஐ.வி. பற்றிய சட்டமும் தத்தம் நோயாளிகளின் விவரங்களுக்குத் தனிக் காவல் அளித்தன. அதே ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023இல் தனிநபர் கணினித் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. தகுந்த காவல் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க அதில் இடம் உண்டு. 2025 நவம்பரில் அதற்கான விதிகள் வெளியாயின. முக்கியமான கடமைகள், அந்த விதிகள் வெளியான 18 மாதங்களுக்குப் பின் நடைமுறைக்கு வரும் என்று வகுத்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும். அந்தச் சட்டம் கணினியில் உள்ள விவரத்துக்கும், பின்னர்க் கணினியில் ஏற்றப்பட்ட விவரத்துக்குமே பொருந்தும். செவிலியர் தோள்பையில் உள்ள நோட்டுப் புத்தகத்தை அது எட்டாது. அங்கே பழைய தொழில் ஒழுக்கமே காவல்.

சட்டம் இருக்கிறது, நிலையம் அதன்படி நடக்கிறதா என்று அறிவது எப்படி? அரசு மருத்துவ நிலையங்களுக்கென 2013இல் தேசியத் தர உறுதி நெறிகள் வகுக்கப்பட்டன. நோயாளியின் அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் அவரைப் பற்றிய தகவலையும் காக்க ஏற்பாடு உண்டா என்பதும் அவற்றில் ஒரு நெறி. மதிப்பிடும் முறை என் ஆசிரிய மனத்துக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மதிப்பிட வருவோர் நான்கு வழிகளில் உண்மையை அறிகிறார்கள். நேரில் பார்க்கிறார்கள், பணியாளரைக் கேட்கிறார்கள், பதிவேட்டைப் புரட்டுகிறார்கள், நோயாளியைக் கேட்கிறார்கள். முழுமையாக இருந்தால் 2, அரைகுறையாக இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று மதிப்பெண் இடுகிறார்கள். இந்த நான்கில் நோயாளியைக் கேட்பதே தலையாயது என்பது என் அபிப்பிராயம். ஆய்வாளர் வரும் நாளில் எந்தப் பள்ளியிலும் பதிவேடு ஒழுங்காகத்தான் இருக்கும். பிள்ளையை எழுப்பி நிறுத்தி ஒரு கேள்வி கேட்டால்தான் உண்மை புலப்படும்.

அந்த நெறிகளோடு, எவரும் எளிதில் கேட்கக்கூடிய ஆறு வினாக்களை நான் முன்வைக்கிறேன்.

முதல் வினா: எதை எழுதுகிறீர்கள், ஏன் எழுதுகிறீர்கள்? தேவைக்கு மேல் எழுதப்பட்ட ஒவ்வொரு விவரமும் காக்கவேண்டிய ஒரு சுமை. காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க வந்தவரிடம் வங்கிக் கணக்கு எண் எதற்கு? ‘படிவத்தில் கட்டம் இருக்கிறது’ என்பது விடை ஆகாது. காரணத்தை நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல முடியாத விவரத்தைக் கேளாமல் விடுவதே நல்லது.

இரண்டாம் வினா: யார் பார்க்கலாம்? பார்த்தவரை அறிய வழி உண்டா? மருந்து கொடுப்பவருக்கு மருந்தின் பெயர் தெரிந்தால் போதும். பழைய நோய் முழுவதும் தெரியவேண்டியதில்லை. எங்கள் மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. ஓர் இரவில் எந்த விண்மீனை, எந்த நேரத்தில், யார் நோக்கினார் என்று குறித்து வைப்பது அத்தகைய ஆய்வகங்களின் வழக்கம். விண்மீனை நோக்கியவருக்கே கணக்கு உண்டென்றால், மனிதனின் இரகசியத்தை நோக்கியவருக்குக் கணக்கு வேண்டாமா? ஐரோப்பாவில் எஸ்தோனியா என்னும் சிறு நாட்டில் 2008இல் நாடு தழுவிய மருத்துவப் பதிவு தொடங்கியது. தன் பதிவை யார் யார் திறந்து பார்த்தார்கள் என்பதை அந்நாட்டுக் குடிமகன் தானே காணலாம்.

மூன்றாம் வினா: வெளியார் கைக்குப் போகிறதா? கணினியைப் பழுதுபார்ப்பவர், மென்பொருள் எழுதிக் கொடுத்தவர், இரத்தம் சோதிப்பவர் ஆகியோர் நிலையத்தின் ஊழியர் அல்லர். ஆயினும் விவரம் அவர்கள் கையில் புழங்குகிறது. 2022 டிசம்பரில், தமிழ்நாட்டின் ஒரு தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற ஒன்றரை லட்சம் பேருடைய விவரங்கள் விலைக்கு வந்திருப்பதாகவும், கணினி வேலை செய்து கொடுத்த வெளி நிறுவனத்தின் வழியாக அவை கசிந்திருக்கலாம் என்றும் ஒரு பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் கூறியது. விவரங்கள் 2007 முதல் 2011 வரையிலான காலத்தவை. பத்தாண்டுக்கு முன் வந்து போன நோயாளி அதை நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்.

நான்காம் வினா: தவறு நேர்ந்தால் என்ன செய்வீர்கள்? தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில் 2018இல் ‘சிங்ஹெல்த்’ என்னும் மருத்துவக் குழுமத்தின் கணினிக்குள் புகுந்த தீயோர், 15 லட்சம் பேருடைய விவரங்களைக் கவர்ந்தனர். பிரதமரின் மருந்து விவரமும் அவற்றுள் இருந்தது. அரசு அதை மறைக்கவில்லை. ஜூலை 20ஆம் நாள் மக்களுக்கு அறிவித்தது. விசாரணைக் குழு அமைத்தது. 2019 ஜனவரியில் அறிக்கையை வெளியிட்டது. அறிகுறிகளைக் கண்ட ஊழியர்கள் சிலர், அவற்றின் பொருளை உணராமலும் உடனே மேலிடத்துக்குச் சொல்லாமலும் இருந்தார்கள் என்று அந்த அறிக்கை எடுத்துக்காட்டியது. கருவி தவறியதைவிட மனிதர் வாய் திறவாமையே கேட்டைப் பெருக்கியது. ஆகவே ஒரு நிலையத்தின் கடைசிப் படியில் உள்ள ஊழியரிடம், ‘ஐயா, இந்த நோட்டுப் புத்தகம் காணாமற் போனால் யாரிடம் சொல்வீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். உடனே விடை வந்தால் அந்த நிலையம் தேறும். ‘சொன்னால் என் வேலை போய்விடும்’ என்று அவர் அஞ்சுவாரானால் அந்த நிலையம் தேறாது.

ஐந்தாம் வினா: நோயாளி தன் ஏட்டைப் பெறவும் பிழையைத் திருத்தவும் வழி உண்டா? தன் ஏட்டைத் தான் பார்க்க முடியாதவன், அதில் உள்ள பிழையை எப்படி அறிவான்? எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும் கடமையும் இதில் அடங்கும். கைரேகை வைக்கச் சொல்வதற்கு முன், எதற்காக என்று சொன்னார்களா என்பதையும் இங்கேயே கேட்கவேண்டும்.

ஆறாம் வினா: காலம் முடிந்த ஏடு எங்கே போகிறது? ஒரு முறை சந்தையில் வாங்கிய வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே ஒருவருடைய சிறுநீர்ச் சோதனை முடிவு, பெயரோடும் வயதோடும் இருந்தது. பழைய காகிதமாக எடைக்குப் போட்ட ஏடு அது. பழைய கணினிக்கும் இதுவே பொருந்தும். உள்ளிருப்பதை அழிக்காமல் விற்ற கணினி, பிரிக்காத பொட்டலம் போன்றது.

இனி மதிப்பெண் இடும் முறையைப் பற்றி ஒரு சொல். ஆறு வினாக்களுக்கும் மதிப்பெண்ணைக் கூட்டி, சராசரி கண்டு, ‘நன்று’ என்று எழுதிவிடலாகாது. கணக்கில் நூறும் தமிழில் சுழியும் வாங்கிய மாணவனை ஐம்பது வாங்கியவன் என்று நாம் தேர்ச்சி போடுவதில்லை. ஆறு கதவுகள் உள்ள களஞ்சியத்தில் ஐந்தைப் பூட்டி ஒன்றைத் திறந்து வைத்தால், எலிக்கு அந்த ஒன்றே போதும். ஆகவே எந்த வினாவில் மிகக் குறைந்த மதிப்பெண் விழுகிறதோ, அதுவே அந்த நிலையத்தின் உண்மையான மதிப்பெண் என்று கொள்ளவேண்டும். மற்றொன்று: நிலையத்தை மொத்தமாகப் பார்ப்பதைவிட, ஒரே ஒரு நோயாளியின் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அது பெயர் எழுதும் மேசையிலிருந்து சோதனைச்சாலைக்கும், மருந்தறைக்கும், கணினிக்கும், அலமாரிக்கும் போகும் வழியெல்லாம் பின்தொடர்ந்து பார்ப்பது மேலானது. எந்த இடத்தில் அது மேசைமேல் கேட்பாரற்றுக் கிடந்தது என்பது அரை நாளில் தெரிந்துவிடும்.

இவ்வளவு கட்டுப்பாடு செய்தால் வேலை நடக்குமா என்று ஐயுறுவோர் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அலை கிடைக்காத மலையூருக்கு நடந்து போகும் செவிலியர், விவரத்தைத் தாளிலோ கைப்பேசியிலோ எழுதித்தான் ஆகவேண்டும். பாம்பு கடித்து நினைவிழந்து வந்தவரிடம் சம்மதம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. கொள்ளைநோய் பரவும்போது எந்த ஊரில் எத்தனை பேர் என்று அரசு அறிந்தே ஆகவேண்டும். 2023ஆம் ஆண்டுச் சட்டமும் உயிருக்கு ஆபத்தான நிலைக்கும் கொள்ளைநோய்க் காலத்துக்கும் விலக்கு அளித்திருக்கிறது. ஆனால் ஊரில் எத்தனை பேர் என்பதற்கு எண் போதும், பெயர் வேண்டியதில்லை. செவிலியருக்கு உறையும் பூட்டும் உள்ள பை ஒன்று கொடுக்கலாம். வரிசையில் நோயின் பெயரைச் சொல்லாமல் வரிசை எண்ணைக் கூப்பிடலாம். மருத்துவர் மேசைக்கும் காத்திருப்போர் பலகைக்கும் இடையே ஒரு திரைச்சீலை தொங்கவிடலாம். இவற்றுக்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டியதில்லை. இவற்றைச் செய்யாத நிலையம் விலையுயர்ந்த கணினிப் பூட்டு வாங்கியிருக்கிறது என்றால், அதை நான் மெச்சமாட்டேன்.

நேயர்களே, இது அதிகாரிகள் மட்டும் செய்யவேண்டிய மதிப்பீடு அன்று. அடுத்த முறை மருத்துவ நிலையத்துக்குப் போகும்போது, பணிவாக ஒரு கேள்வி கேளுங்கள்: ‘அம்மா, இதை எதற்காக எழுதிக்கொள்கிறீர்கள்? யார் பார்ப்பார்கள்?’ நல்ல செவிலியர் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கமாட்டார். உங்கள் சீட்டையும் சோதனை முடிவுகளையும் கேட்டு வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். பிறருடைய நோயைப் பற்றிக் காதில் விழுந்ததை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். அட்டையைப் படம் பிடித்துப் பிறருக்கு அனுப்பாதீர்கள். ஊராட்சிக் கூட்டத்தில் சாலையைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் கேட்பது போல, நம் ஊர் மருத்துவ ஏடுகள் எந்த அலமாரியில், யார் பொறுப்பில் இருக்கின்றன என்றும் கேளுங்கள்.

மலையடிவாரத்து மருத்துவமனையை நம்பி ஏறத்தாழ ஒரு நாள் வழி நடந்து வரும் தாய், மருந்தை மட்டும் நம்பி வருவதில்லை. தான் சொல்வது தன் ஊருக்குத் தனக்கு முன்னே போய்ச் சேராது என்ற நம்பிக்கையோடும் வருகிறாள். அந்த நம்பிக்கை உள்ளவரை அவள் உண்மையைச் சொல்வாள்; உண்மையைச் சொன்னால்தான் மருத்துவர் நோயைக் கண்டறிய இயலும். அவளுடைய ஏட்டைக் காக்கும் நிலையமே அவளுடைய உடம்பையும் காக்கவல்லது.